ஒரு முழ அகலப் பாதை

1976 செப்டம்பர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரெஸ்டட் பியூட் என்றொரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். ஊர் இருப்பதே 2,715 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து பத்துப் பதினைந்து பேர், கனத்த பழைய சைக்கிள்களில், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஆஸ்பென் நகருக்குப் புறப்பட்டார்கள். ஒரே ஒரு கியர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக். குறுக்கே நின்றது 3,872 மீட்டர் உயரமுள்ள பேர்ல் கணவாய். புறப்பட வைத்தது ரோஷம். ஆஸ்பெனிலிருந்து மோட்டார் சைக்கிளில் அந்தக் கணவாயைத் தாண்டி வந்த ஒரு கூட்டம், ஊரின் மதுக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பெருமையடித்துப் போயிருந்தது. கோடைக்காலத்தில் காட்டுத்தீ அணைக்கப் போகும் உள்ளூர் இளைஞர்களுக்கு அது பொறுக்கவில்லை. எஞ்சின் இல்லாமலே போய்க் காட்டுகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். மேட்டில் பெரும்பகுதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். வழியில் ஒரு ராத்திரி கூடாரம். மறுநாள் ஆஸ்பென்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் வேறொரு கூட்டம் இதே மாதிரிப் பழைய சைக்கிள்களை மலைச்சரிவுகளில் உருட்டிக்கொண்டிருந்தது. 1977-இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக சைக்கிள் சட்டகம் செய்தார். 1978-இல் அவரும் சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும் பல கியர் வண்டிகளோடு கொலராடோவுக்கு வந்து, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பேர்ல் கணவாயைக் கடந்தார்கள். மவுண்டன் பைக் பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று இரண்டு ஊரும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. வழக்கு எப்படி முடிந்தால் என்ன? எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் ஏறிய வழி. பேர்ல் கணவாய் வழி 1880-களில் சுரங்கக் கனிமத்தைச் சுமந்து செல்ல வெட்டிய வண்டித்தடம். பாறையும் பள்ளமுமாக இருந்தாலும் அகலமானது. மலை சைக்கிள்காரர்களின் மனம் சீக்கிரமே அதைவிட்டு ஒற்றையடிப் பாதைகளுக்குத் தாவியது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக முடிகிற பாதைகள். அகலம் சுமார் 45 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு முழம்.

அந்த ஒரு முழம் முழமாகவே இருக்குமா, இரண்டு முழமாக விரிந்துவிடுமா என்பதைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். சமவெளியில் இது சின்ன விஷயம். 3,600 மீட்டருக்கு மேலே அப்படியல்ல.

*

கிரெஸ்டட் பியூட்டிலிருந்து வடக்கே போனால் காதிக் என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊர் வரும். அதையும் தாண்டி ஸ்கோஃபீல்டு கணவாய், 3,263 மீட்டர். அங்கிருந்து மலையின் தோளைப் பிடித்தபடி இறங்கும் 401 என்ற பாதையை சைக்கிள் உலகம் முழுக்க அறியும். ஜூலையில் அந்தச் சரிவு முழுக்கப் பூ. செடிகள் சைக்கிளின் கைப்பிடி உயரத்துக்கு, சில இடங்களில் தலையளவுக்கு நிற்கும். ஓட்டுகிறவர் இலைகளை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். 1990-இல் மாநிலச் சட்டமன்றமே கிரெஸ்டட் பியூட்டைக் கொலராடோவின் காட்டுப்பூத் தலைநகரம் என்று அறிவித்தது.

401 பாதையில் ஓரிரு கோடை ஆட்கள் நடமாடாமல் இருந்தால் போதும், செடிகள் அதை மூடிவிடப் பார்க்கும். மண் ஆழமானது, ஈரமானது, சத்துள்ளது. இன்னும் சில நூறு மீட்டர் மேலே போனால் கதை தலைகீழ். மத்தியக் கொலராடோவில் சுமார் 3,500 முதல் 3,600 மீட்டருக்குள் மரங்கள் நின்றுபோகின்றன. ஆல்ப்ஸ் மலையில் இந்த மர எல்லை இதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வு. ஆகவே உயரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் கிறிஸ்தியான் கோர்னர் உலகின் பல மலைகளில் மண்ணின் வெப்பத்தை அளந்து பார்த்தார். எந்தக் கண்டமானாலும் மரங்கள் நின்றுபோகும் இடத்தில் வளர்பருவத்தின் சராசரி வெப்பம் 6 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டி இருந்தது.

குளிர்காலக் கடுங்குளிர் மரத்தைக் கொல்வதில்லை. கோடை போதாமல்தான் மரம் தோற்கிறது. 5 டிகிரிக்குக் கீழே போனாலும் இலை ஒளிச்சேர்க்கை செய்யும், சர்க்கரையும் சேரும். ஆனால் அந்தச் சர்க்கரையைக் கொண்டு புதுத் திசு கட்டும் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் மரத்துக்குச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம்தான் கதி. தரையோடு ஒட்டிக்கிடக்கும் செடிக்கு வேறு வழி உண்டு. சைலீன் அகாலிஸ் என்ற இளஞ்சிவப்புப் பூச்செடி மெத்தை போல வட்டமாகத் தரையில் படரும். நெருங்கிய இலைகளுக்குள் காற்று புக முடியாததால், வெயில் நேரத்தில் மெத்தையின் உள்ளே வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடு இருக்கும். தன் தட்பவெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிற செடி அது. ஆனால் மிக மெதுவாக வளரும். முதல் பூவுக்கே பத்தாண்டு வரை ஆகலாம். பெரிய மெத்தைகளின் வயது 300 ஆண்டைத் தாண்டும் என்று அலாஸ்காவில் செய்த ஆய்வு மதிப்பிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெத்தையைப் பார்த்தால், அது உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே முளைத்ததாக இருக்கக்கூடும்.

அந்த மெத்தை மேல் ஒரு டயர் சறுக்கினால் என்ன ஆகும்?

இதற்கு விடை தந்த ஆய்வு சைக்கிளைப் பற்றியதே அல்ல. மாநிலத்தின் வடக்கே ராக்கி மலை தேசியப் பூங்காவில், மர எல்லைக்கு மேலே ஓடும் டிரெய்ல் ரிட்ஜ் சாலையை 1932-இல் திறந்தார்கள். கார் நிறுத்தும் இடங்களில் பயணிகள் இறங்கி, மரமற்ற தூந்திரா நிலத்தின் மேல் சற்று நடந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பியட்ரிஸ் வில்லார்டு என்ற இளம் ஆய்வாளர் 1959-இல் அங்கே சில துண்டு நிலங்களைத் தேர்ந்தெடுத்து, யாரும் மிதிக்காதபடி வேலி போட்டு, ஆண்டுதோறும் செடிகளை எண்ணத் தொடங்கினார். அவரும் அவருடைய ஆசிரியர் ஜான் மாரும் 1970, 1971 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். மிதிபட்ட இடங்களில் தாவரங்கள் அழிய ஓரிரு கோடைகளே போதுமானதாக இருந்தன. மீட்சியின் கணக்கோ பத்தாண்டுகளில் தொடங்கி நூற்றாண்டுகளுக்குப் போனது. மேல்மண்ணே போய்விட்ட இடங்களில் பழைய தாவரச் சமூகம் திரும்ப ஆயிரம் ஆண்டுகூட ஆகலாம் என்று அவர்கள் கருதினார்கள். அந்தப் பூங்காவின் தூந்திரா நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆக அத்தனை சேதமும் செருப்பும் ஷூவும் செய்தவை.

மீட்சி ஏன் இவ்வளவு தாமதம்? குளிர் மட்டும் காரணமல்ல. செடி போய் மண் வெறுமையானதும் அங்கே ஊசிப்பனி வேலையைத் தொடங்குகிறது. இரவில் தரை உறையும்போது, கீழிருக்கும் ஈரம் மேலே இழுபட்டு, மண்ணுக்குள் மெல்லிய பனிக்கட்டி ஊசிகளாக நிமிர்ந்து வளரும். ஒவ்வொரு ஊசியும் தலையில் ஒரு மண் துகளையோ பொடிக்கல்லையோ தூக்கிக்கொண்டு நிற்கும். காலை வெயிலில் ஊசிகள் உருகியதும் மண் உதிர்ந்த புட்டாகக் கிடக்கும். தப்பித் தவறி முளைத்த நாற்றின் வேர் இந்தத் தூக்கலில் அறுபடும். பகலில் மலைக்காற்று உலர்ந்த துகள்களை வாரிக்கொண்டு போகும். மறுநாள் இரவு இதே கதை. செடி இல்லாததால் மண் ஆடுகிறது, மண் ஆடுவதால் செடி வருவதில்லை. இந்த வட்டத்தை வெளியிலிருந்து எதுவும் உடைக்காவிட்டால் அது தானாக உடைய நெடுங்காலம் ஆகும்.

இதனால்தான் நான் பாதையின் அகலத்தை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். ஒரு முழ அகலத்துக்கு மண்ணை இழக்க ஒப்புக்கொள்வது, மலையைப் பார்க்க நாம் கொடுக்கும் விலை. அதற்கு மேல் ஒவ்வொரு சாணும் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளிடம் வாங்கிய கடன்.

*

பாதையைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி சக்கரமும் அல்ல, காலும் அல்ல. தண்ணீர்தான்.

சரிவில் ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று ஒரு பழைய நீரியல் விதி உண்டு. வேகத்தின் ஆறாம் அடுக்கு. ஓடைகளின் நெளிவு சுளிவில் இந்தக் கணக்கு துல்லியமாகப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் அது காட்டும் திசை சரி. நீரின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கினாலே அரிப்பு பெருமளவு குறையும். நல்ல மலைப்பாதை அமைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

சுரங்கக்காரர்களும் மேய்ப்பர்களும் போட்ட பழைய தடங்கள் பெரும்பாலும் நேராக மேலே ஏறுபவை. மழை பெய்தால் நீர் எந்தத் திசையில் இறங்குமோ அதே திசையில் பாதையும் இறங்கும். அப்புறம் அது பாதையாக இருக்காது, வாய்க்காலாகிவிடும். பாதை அமைக்கும் தொண்டர்கள் இதற்கு இரண்டு எளிய விதிகளைப் பின்பற்றுகிறார்கள். பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. மலைச்சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதம் வரை ஏறலாம். அந்தப் பாதிக் கணக்கைத் தாண்டினால், சரிவில் வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையிலேயே திரும்பி ஓடத் தொடங்கும். மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதையின் சராசரிச் சாய்வு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1988-இல் தொடங்கிய பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம் இவற்றை உலகம் முழுக்கப் பரப்பியது.

விதி தெரிந்தால் மட்டும் போதாது. பாதையின் வெளிப்புற விளிம்பு உட்புறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நீர் தகடாகப் பரவி வெளியே வழியும். புதிதாக வெட்டும்போது எல்லோரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் ஆயிரம் சக்கரங்களும் கால்களும் போன பிறகு நடுப்பகுதி அமுங்கிக் கிண்ணமாகிவிடும், ஒதுங்கிய மண் வெளி விளிம்பில் வரப்பாகத் திரண்டுவிடும். வரப்பு கட்டிய பின் நீருக்கு வெளியேற வழியில்லை. அதனால் பாதை ஏறிக்கொண்டே போகும்போது இடையிடையே சில மீட்டர் தூரம் இறங்கி மறுபடி ஏறும்படி அலையலையாக அமைக்கிறார்கள். கிண்ணமாகிப் போன பாதையிலும் நீர் அந்தப் பள்ளம் வரைதான் ஓட முடியும், அங்கே வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அது சிறு துள்ளல் தரும் இடம், அவ்வளவுதான். பாதைக்கு அதுதான் உயிர்நாடி. சதுப்பான இடங்களில் கல் பாவுகிறார்கள், தட்டையான பாறைகளை நெருக்கமாக நட்டு. இந்த உயரத்தில் இயந்திரம் வராது. எல்லாம் கை வேலை. கையில் இருப்பது பெரும்பாலும் புலாஸ்கி என்ற கருவி. ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்வெட்டி. 1910-இல் இடாஹோ மாநிலத்தில் மூண்ட பெருங்காட்டுத்தீயில் தன் குழுவினரைச் சுரங்கத்துக்குள் ஒளித்துக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. கிரெஸ்டட் பியூட்டின் சைக்கிள் சங்கம் 1983-இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. வெட்டுவதற்கு ஒரு கோடை போதும். பராமரிப்புக்கு முடிவே இல்லை.

சரி, சக்கரத்தின் பங்கு என்ன? நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பல காலமாக ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிவரும் கேள்வி இது. மொன்டானா மாநிலத்தின் காட்டுப் பாதைகளில் வில்சன், செனி என்ற இருவர் குதிரை, மனிதர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் போகவிட்டு, பிறகு செயற்கை மழை பொழிந்து, கரைந்து வந்த மண்ணை அளந்தார்கள். 1994-இல் வெளிவந்த அந்த ஆய்வில், குளம்பும் காலும் சக்கரத்தைவிட அதிக மண்ணைக் கிளறிவிட்டிருந்தன. எல்லோரையும் விஞ்சியது குதிரை. கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் ஒரு காட்டின் தரையில் 500 முறை வரை நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பார்த்தார்கள் (2001). இரண்டும் செய்த சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டில் செடிகள் பெருமளவு மீண்டுவிட்டன.

சைக்கிள்காரர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இரண்டும் மர எல்லைக்குக் கீழே, மீளக்கூடிய மண்ணில் நடந்தவை. மேலும், காலடிச் சுவடு தனித்தனிக் குழி. ஈர மண்ணில் டயர் விடும் தடமோ அறுபடாத கோடு. அந்தக் கோடு நீருக்கு நேர் வழி. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் அந்தக் கோடு இன்னும் ஆழமாகும். விலங்குகளின் கணக்கும் வேறு. ஒரெகன் மாநிலத்தின் ஸ்டார்கி ஆய்வுக்காட்டில் கழுத்துப்பட்டை மாட்டிய எல்க் மான்களைப் பின்தொடர்ந்தபோது, அவை நான்கு சக்கர மோட்டார் வண்டிக்கு அதிகமாகவும், அடுத்து சைக்கிளுக்கும், அதன்பின் நடப்பவருக்கும் குதிரைக்கும் விலகி ஓடின. சைக்கிள் வேகமாக, சத்தமில்லாமல் வருகிறது. ஒரே காலையில் அதிக தூரத்தையும் கடக்கிறது.

1964-இன் அமெரிக்கக் காட்டகச் சட்டம், இயற்கை நிலையிலேயே காக்க அரசு ஒதுக்கிய காட்டகங்களுக்குள் இயந்திரப் போக்குவரத்தைத் தடை செய்தது. 1984-இல் வனத்துறை சைக்கிளும் அதில் அடக்கம் என்று தெளிவாக விதி எழுதியது. 401 பாதைக்குப் பக்கத்திலேயே அப்படியொரு காட்டகம் இருக்கிறது, மரூன் பெல்ஸ் சிகரங்களைச் சுற்றி. அங்கே சைக்கிளில் போகக் கூடாது. சக்கரத்தின் சேதத்தை மட்டும் எடை போட்டால் இந்தத் தடை கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் சில மலைகளை நடையின் வேகத்தில் மட்டுமே அணுக வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுப்பதை நான் மதிக்கிறேன். எல்லா இடமும் எல்லா விளையாட்டுக்கும் திறந்திருக்க வேண்டியதில்லை.

*

இனி ஓட்டுகிறவரின் பக்கம் வருவோம்.

கொலராடோவின் மோனார்க் கணவாய், 3,448 மீட்டர். அங்கே தொடங்கி மோனார்க் கிரெஸ்ட் பாதை வட அமெரிக்காவின் நீர்ப்பிரிமுகட்டின் மேலேயே நீண்ட தூரம் ஓடுகிறது. பாதையின் ஒரு பக்கம் விழும் மழைத்துளி ஆர்கன்சா ஆற்றில் சேர்ந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். மறுபக்கம் விழுவது கன்னிசன், கொலராடோ ஆறுகளின் வழியாகப் பசிபிக் நோக்கிப் போகும். அந்த முகட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் மொத்தக் காற்றே குறைவு. கடல்மட்டத்திலிருந்து வந்தவரின் உடல் அங்கே அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும்.

உடல் இதற்குச் சும்மா இருப்பதில்லை. முதல் சில நிமிடங்களிலேயே மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சுவிடும்போது கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடையும். அது மூச்சின் வேகத்தை மட்டுப்படுத்தும். சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்ய ஓரிரு நாள் பிடிக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் உண்மையிலேயே கூடுவதற்கு வாரங்கள் ஆகும். வந்து இறங்கிய மறுநாளே முகடு ஏறுகிறவர் இந்த வேலை எதுவும் முடியாத உடலோடு ஏறுகிறார். தலைவலியும் குமட்டலும் வந்தால் அது களைப்பு என்று நினைத்து மேலே போகக் கூடாது. கீழே இறங்குவதே மருந்து.

வண்டிக்கும் உயரம் தெரியும். கடல்மட்டத்தில் 25 பிஎஸ்ஐ காற்றடைத்த டயர், அதே வெப்பநிலையில் 3,500 மீட்டரில் ஏறக்குறைய 30 காட்டும். உள்ளே காற்று கூடவில்லை. வெளியே அமுக்கும் காற்று குறைந்திருக்கிறது. விறைத்த டயர் சரளைக்கல்லில் பிடிப்பை இழக்கும். மேலே போய்க் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது நல்லது.

இறக்கத்தில் பிரேக்கின் கணக்கு வேறு மாதிரி. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தார்ச்சாலையில் வேகமாக இறங்கினால் இந்த ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றுத் தடையே தின்றுவிடும். மெதுவாக, வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில், அதுவும் மெலிந்த காற்றில், சுமை பெரும்பாலும் கைவிரல்களுக்குக் கீழே இருக்கும் இரண்டு பிரேக்குகளின் மேல் விழுகிறது. சூடான பிரேக் வட்டைக் குளிர்விக்கும் காற்றும் மேலே மெலிந்துதான் இருக்கிறது. மரின்காரர்கள் 1976 அக்டோபரில் பந்தயம் தொடங்கிய சரிவுக்கு ரீபேக் (மறுபடி அடைத்தல்) என்று பெயர் வந்ததே பிரேக்கால்தான். சுமார் 400 மீட்டர் இறக்கம். ஒரு முறை இறங்கி முடித்தால் பின்சக்கரக் குடத்தின் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். அதைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த சுற்று. இன்றைய வட்டு பிரேக்குகள் அந்தச் சூட்டை எளிதாகத் தாங்குகின்றன. ஆனால் பழகாதவர் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அவையும் சூடேறி வலுவிழக்கும். பழகியவர் வளைவுக்கு முன்னே நேரான இடத்தில் அழுத்திப் பிடித்துவிட்டு, வளைவில் விட்டுவிடுவார். பாதைக்கும் அது நல்லது. பூட்டிய சக்கரத்தைப் போல மண்ணைப் பிய்க்கும் பொருள் வேறில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மேகம். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. காலையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். வெயிலில் சூடான சரிவுகளிலிருந்து காற்று மேலெழுந்து, மதியத்துக்கெல்லாம் இடிமேகமாகக் குவியும். மர எல்லைக்கு மேலே முகட்டில் நிற்கும் மனிதரே அங்கே உயரமான பொருள். சைக்கிளின் ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு இரண்டங்குல ரப்பர் தடையே அல்ல. மின்னல் நேராக ஆள்மேல் விழ வேண்டியதுகூட இல்லை. பக்கத்தில் விழுந்தாலும் தரை வழியாகப் பாயும் மின்சாரம் ஆளை வீழ்த்தும். விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் மரங்களுக்கிடையே இறங்கிவிட வேண்டும் என்பது அந்த மலைகளில் எழுதாத சட்டம்.

*

401 பாதையில் இறங்குகிறவர்கள் காதிக் ஊரைக் கடந்துதான் திரும்புகிறார்கள். சுரங்கம் மூடிய அந்த ஊரில் 1928 முதல் ராக்கி மலை உயிரியல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. பாதையோரச் செடிகளுக்கு நடுவே சின்னக் கொடிகளும் குறியீட்டுத் தகடுகளும் தெரியும். அவற்றைத் தாண்டிப் போய்விடாமல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூமியில் மலைத் தாவரங்களை இவ்வளவு நீண்ட காலம் விடாமல் கவனித்த இடங்கள் மிகச் சில.

டேவிட் இனூயே என்ற ஆய்வாளர் 1970-களில் தொடங்கி அங்கே ஒரே துண்டு நிலங்களில் ஒவ்வொரு கோடையும் பூக்களை எண்ணினார். தன்னந்தனியாகக் குளிர்காலத்திலும் அங்கேயே வசித்த பில்லி பார், 1970-களின் நடுப்பகுதியிலிருந்து தினமும் பனியின் அளவையும் முதல் பறவை வந்த நாளையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார். விஞ்ஞானப் பட்டம் எதிர்பார்த்துச் செய்ததல்ல. குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாத ஒருவரின் ஆர்வம். அந்த நோட்டுகள் பின்னர் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆதாரமாயின. 2000-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. 23 ஆண்டுகளில் மார்மட் என்னும் பெரிய மலை அணில்கள் குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வரும் நாள் 38 நாட்கள் முன்னே வந்துவிட்டதாக அது சொல்லிற்று. 39 ஆண்டுப் பூக்கணக்கைக் கொண்டு 2014-இல் வந்த இன்னொரு கட்டுரை, பூக்கும் காலம் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டிருப்பதைக் காட்டியது.

நீண்ட பூக்காலம் கேட்க இனிமையாக இருக்கிறது. உண்மையில் அது கெட்ட செய்தி. பனி சீக்கிரம் உருகினால் செடிகள் சீக்கிரம் மொட்டு விடும். ஜூன் மாதத்துக் கடைசி உறைபனி மட்டும் பழைய நாளிலேயே வரும். ஆஸ்பென் சூரியகாந்தி என்று அழைக்கும் மஞ்சள் பூச்செடியின் மொட்டுகள் உறைபனியில் கருகும் விகிதம் 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு இரண்டு மடங்கானது. அதே ஆய்வுக்கூடத்தின் புல்வெளியில் ஜான் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1991 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அகச்சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டு மண்ணை ஓரிரு டிகிரி சூடாக்கிப் பார்த்தார். விளக்குக்குக் கீழே பூச்செடிகள் குறைந்தன, வறண்ட நிலத்து சேஜ்பிரஷ் புதர் பரவியது. காட்டுப்பூத் தலைநகரத்தின் எதிர்காலத்தை அந்தச் சிறு துண்டு நிலம் முன்கூட்டியே காட்டிவிட்டது.

சைக்கிள்காரருக்கு இதில் நேரடியான தொடர்பு உண்டு. பனி முன்னே உருகுவதால் பாதை முன்னே திறக்கிறது. மேற்கேயுள்ள பாலைநிலப் பீடபூமியிலிருந்து வசந்தத்தில் பறந்து வரும் செந்தூசி பனியின் மேல் படிந்து, வெயிலை அதிகம் உறிஞ்சவைத்து, உருகலைச் சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் முன்னுக்குத் தள்ளுகிறது. மே மாதக் கடைசியிலேயே மேலே போக முடிகிறது என்று ஆட்கள் கிளம்புகிறார்கள். அப்போது மண் உருகுநீரில் ஊறி, கால் வைத்தாலே அமுங்குகிற நிலையில் இருக்கும். செடிகள் அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். முகட்டின் நிழல் பக்கத்தில் பனித்திட்டுகள் பாதையை மறித்துக் கிடக்கும். ஒருவர் அதைச் சுற்றிப் புல்மேல் ஓட்டுவார். அடுத்தவர் அந்தத் தடத்தைப் பார்த்து அதுவே வழி என்று போவார். பத்து நாளில் இரண்டாவது பாதை உருவாகிவிடும், அடுத்த ஆண்டு மூன்றாவது. தூந்திராவில் பாதைகள் பின்னல் பின்னலாக விரிவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஒரு நாள் ராக்கியிலோ ஆல்ப்ஸிலோ லடாக்கிலோ மர எல்லைக்கு மேலே சைக்கிளோடு நிற்கக்கூடும். பாதையில் சேறு இருந்தால் சேற்றுக்கு நடுவே போங்கள். வண்டியும் உடையும் கழுவினால் போகும். பனித்திட்டு கிடந்தால் இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பனியின் மேலேயே நடந்து கடந்துவிடுங்கள். எதிரே ஆள் வந்தால் இருவரும் பாதையிலேயே நின்று, ஒரு காலை மட்டும் பக்கத்துப் பாறையில் வைத்து வழிவிடுங்கள், செடியின் மேல் வேண்டாம். டயர் விரற்கடை ஆழத்துக்கு மேல் புதையத் தொடங்கினால் அன்றைக்கு அந்தப் பாதை திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அதே பாதை காய்ந்து கெட்டியாக இருக்கும்.